மேசனுக்குக் காத்திருந்த வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். போருக்குப் பிறகு வன்னியில் வந்த வீட்டுத்திட்டம் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வீட்டுத்திட்டம் என்றதும் எல்லாரும் காசைத்தான் கதைப்போம்: எத்தனை இலட்சம், அடுத்த கட்டம் எப்போது வங்கியில் விழும் என்று. நான் காசை எண்ணியவன் அல்ல, வன்னியில் வளவு வளவாகப் போய் அத்திவாரம் அளந்தவன். அதனால் ஆட்களைப் பற்றி, சுவர் கட்டும் மேசன்மாரைப் பற்றிக் கதைக்கிறேன்.

2009 இற்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பிய சனத்துக்குத் தரப்பாளும் தகரமும்தான் வீடு. 2012 ஒக்டோபர் 2 இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. வீடொன்றுக்கு 550,000 ரூபா. பொருள் வாங்குவதும் ஆள் பிடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிற சுவரில் சீமெந்து குறையாது. ஆனால் ஊர் முழுக்க ஒரே மாதத்தில் அத்திவாரம் வெட்டினால் மேசனுக்கு எங்கே போவது? தொழில் தெரிந்தவர்களில் எத்தனை பேர் செத்துப்போனார்கள், எத்தனை பேர் கை கால் இழந்தார்கள்! மிஞ்சியவர் காலையில் ஒரு வளவில் நிலை வைத்துவிட்டு, மத்தியானம் இன்னொரு வளவில் கல் கட்டினார். புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா என்னிடம் சொன்னா: “தம்பி, காசு வங்கியில கிடக்கு. மேசன்தான் சாமி மாதிரி, கும்பிட்டாலும் வாறாரில்லை.”

அப்போதுதான் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தெற்கிலிருந்தும் மேசன்மார் வந்தார்கள். கொஞ்ச நாளில் முணுமுணுப்பும் வந்தது: “வெளியாள் வந்து எங்கட காசை அள்ளிக்கொண்டு போறான்.” இதைச் சொன்னவர்களில் சிலரின் தோட்டக்காணி யார் காடு வெட்டித் திருத்தியது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. 1977 வன்செயலில் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குக் காணி உத்தரவுப்பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையென்றால் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் ஏறுவது பெரும்பாடு. மற்றவனின் வீட்டுக்குக் கல் அரிந்து கொடுத்துவிட்டுத் தன் கொட்டிலுக்கே திரும்பிய ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

2016 அளவில் 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் வந்தது. ஒரு வீடு 21 இலட்சத்துக்கு மேல். தொழிற்சாலையில் செய்த வீட்டில் உள்ளூர் மேசனுக்கும் கல்லரிபவனுக்கும் என்ன வேலை என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் அந்த மேசனை ஊரில் பிடித்து வைத்திருக்க நாங்கள் என்ன செய்தோம்?

தொழில் பழகிய பெடியள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். 2022 இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கு வெளிநாடு போனார்கள். பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூட்டையின் விலை கை சுட்ட ஆண்டு அது. இங்கே கட்டுமான வேலையும் படுத்துவிட்டது. கட்டாரிலும் தேன் ஓடவில்லை, வெயிலில் விழுந்து செத்தவர்கள் உண்டு. என்றாலும் 2021 மார்ச்சிலிருந்து அங்கே அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால். தங்க இடம் கொடுக்காத முதலாளி அதற்கு இன்னும் 500 ரியால் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஹற்றனிலிருந்து வந்த மேசனை நாங்கள் எங்கே படுக்கவைத்தோம்? சீமெந்து மூட்டை அடுக்கிய மூலையில்.

போன வருடம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வளவு. காசு இடையில் நின்றுபோய்ச் சுவரோடு கிடந்த வீடு அது. மகன் டோஹாவிலிருந்து அனுப்பும் காசில் மிச்சம் எழும்புகிறது. மகனும் மேசன்தான். தாய் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்க, அவன் அங்கிருந்தே சுவரைப் பார்க்கிறான்: “அண்ணை, அந்த மூலையில ஒருக்கா தூக்குக்குண்டு பிடிச்சுப் பாருங்கோ.” மலையகத்து மேசன் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சரிதாங்க தம்பி, அரை இஞ்சு சாஞ்சிருக்கு” என்று சொல்லி, மேல் இரண்டு வரியையும் பிரிக்கத் தொடங்கினார்.