பாட்டன் கையெழுத்தும் பேரனின் பாஸ்போர்ட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி உங்கள் தாத்தா எந்த ஊரில் குடியிருந்தார்? புதுச்சேரியிலோ காரைக்காலிலோ இருந்துகொண்டு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். அவர் பிரெஞ்சு மொழி பேசினாரா, பட்டாளத்தில் பதக்கம் வாங்கினாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாத்தாவின் ராணுவப் படத்தைக் கொண்டு வருகிறார்கள். அந்தத் தேதியில் அவர் எங்கே வாழ்ந்தார் என்பதற்கான காகிதத்தைக் கொண்டு வருகிறவர்கள் குறைவு.

அந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு கனம்? 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி இந்த மண் அப்போதும் பிரான்சுக்கே சொந்தமாக இருந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. போர் முடிந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தவர்களின் குடியுரிமை அந்த ஒரு நாளில் பிரிந்து போனது.

எப்படிப் பிரிந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைய வழக்குகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் நான்கு அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர், தகப்பனார் சைகோனில் வேலை பார்த்தபோது அங்கேயே பிறந்தவர்; பிறகு ஊர் திரும்பிக் காரைக்காலில் குடியிருந்தார். இரண்டாமவர் காரைக்காலில் பிறந்து காரைக்காலிலேயே வாழ்ந்தவர். மூன்றாமவர் காரைக்காலில் பிறந்து, அந்த ஆகஸ்டில் சைகோனில் குடியிருந்தவர். நான்காமவர் காரைக்காலில் பிறந்து, சென்னையில் வேலைக்குப் போய்விட்டவர். ஒப்பந்தத்தின் 4 முதல் 8 வரையுள்ள பிரிவுகளை வைத்துப் பார்த்தால், வெளியே பிறந்து இங்கே குடியிருந்த மூத்தவர் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். இங்கே பிறந்து வெளிநாட்டில் குடியிருந்த மூன்றாமவரும் நீடித்தார். அதற்காக அவர்கள் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. இங்கே பிறந்து இங்கேயே இருந்த இரண்டாமவரும், இங்கே பிறந்து இந்தியாவின் வேறு ஊரில் இருந்த நான்காமவரும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்திருக்க வேண்டும். அதைத்தான் நம் ஊரில் ஒப்சியோன் என்கிறோம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் இருவர் பிரெஞ்சு, இருவர் இந்தியர். இதில் யாருடைய விசுவாசமும் அளக்கப்படவில்லை.

அந்த ஆறு மாதம் 1963 பிப்ரவரியில் முடிந்தது. அறிவிப்புக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்களைப் பற்றி இன்றைக்கு, "வாய்ப்பைக் கோட்டை விட்டவர்கள்" என்று பேசுவதைக் கேட்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. பலர் இந்தியராக இருக்க விரும்பித்தான் போகாமல் இருந்தார்கள். விடுதலைக்காகப் பாடுபட்ட மண் இது. வேறு பலருக்கு அப்படியொரு தெரிவு இருப்பதே தெரியாது. வயலில் நின்ற ஒருவரிடம், இந்த ஆறு மாதம் உன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் செல்லும் என்று யார் சொன்னார்கள்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, தாத்தா கையெழுத்துப் போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அறிவிப்பின் நகல் கையில் இருந்தால் அதை முழுவதும் படியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளைகள் தகப்பனாரின் முடிவைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் பெயர்களை அந்த அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆகவே கீழே எந்தெந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது, அன்று அவருக்கு என்ன வயது, திருமணமாகியிருந்ததா என்று பாருங்கள். தாத்தா பெயரைப் பார்த்ததுமே மகிழ்ந்து நகலை மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் அப்பாவின் பெயரோ அம்மாவின் பெயரோ அல்லவா?

ரெனோன்சான் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். முன்னோர் ரெனோன்சான் என்பதால் தாங்கள் தானாகவே பிரெஞ்சுக்காரர்கள் என்று சில குடும்பங்களில் இன்றும் உறுதியாக நம்புகிறார்கள். ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் பார்ப்பது பிறந்த இடத்தையும் குடியிருந்த இடத்தையும்தான். அதேபோல, சொல்தா என்கிற பிரெஞ்சுப் படைவீரருக்கான பென்ஷன் வந்ததும் ஆதாரம் ஆகாது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியதற்காகப் பென்ஷன் வாங்கிய இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பென்ஷன் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் முகவரியும் தேதியும், அந்த ஆகஸ்டில் அவர் எங்கே இருந்தார் என்று காட்ட உதவலாம்.

இனி நிரூபிக்கும் வேலைக்கு வருகிறேன். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 18-ஆம் பிரிவு எளிமையானது: தாய், தந்தை இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடிமகன். எங்கே பிறந்தாலும் சரி. சிக்கல் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. குடியுரிமையை நிரூபிக்கும் பாரம் அதைக் கோருகிறவர் தலையில் என்று அது சொல்கிறது. ஒரே ஒரு காகிதம் கையில் இருந்தால் அந்தப் பாரம் மறுபக்கம் போய்விடும். அதுதான் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். அதை வைத்திருப்பவர் பிரெஞ்சுக்காரர் இல்லை என்று யாராவது சொன்னால், சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் அந்த வலிமை கிடையாது. இதைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். பாஸ்போர்ட்டைவிடப் பெரிய ஆதாரம் எது என்று கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் பாஸ்போர்ட் காட்டுவது இவ்வளவுதான்: பிரெஞ்சு அரசு இவரை இதுவரை பிரெஞ்சுக்காரராக நடத்தி வந்திருக்கிறது.

அந்த "நடத்தி வந்திருக்கிறது" என்பதும் சிறிய விஷயம் இல்லை. நான் இன்று உங்களிடம் வந்ததே அதைச் சொல்லத்தான். சிவில் சட்டத்தின் 30-3 என்ற பிரிவு இருக்கிறது. குடியுரிமை எந்த முன்னோர் வழியாக வருகிறதோ, அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே நிலைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கிறவரும் பிரான்சுக்கு வெளியே வாழ்கிறார் அல்லது வாழ்ந்தவர். அவரையும், குடியுரிமையை அவருக்குத் தரவேண்டிய தாய் அல்லது தந்தையையும் பிரான்சு இடையில் ஒருமுறைகூடப் பிரெஞ்சுக்காரராக நடத்தியதில்லை. அப்படியானால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கும் வாய்ப்பையே சட்டம் அவருக்குத் தராது. தாத்தாவின் அறிவிப்பு அசலாக இருக்கலாம், பிறப்புப் பதிவுகள் எல்லாம் சரியாக இருக்கலாம். கதவு மூடியது மூடியதுதான். 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது.

இதில் மனம் நொந்துபோன குடும்பங்களை அறிவேன். தாத்தா ஒப்சியோன் கொடுத்தார். அப்பா ஊரிலேயே வேலை, ஊரிலேயே கல்யாணம் என்று இருந்துவிட்டார். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பெயர் பதியவில்லை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுக்கவில்லை, பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கவில்லை. "நமக்கு என்ன தேவை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். பிள்ளைகள் பார்க்க வந்தபோது நடுவில் ஒரு தலைமுறை காகிதத்தில் இல்லை. அண்டை வீட்டிலோ, அதே நிலையில் இருந்த ஒருவர் துணைத் தூதரகத்தின் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து, அட்டையைப் புதுப்பித்து, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இங்கேயே வாக்களித்து வந்தார். அவருடைய பிள்ளைகளை 30-3 தொடாது. அந்த அட்டைக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று அவர் நினைத்திருக்கக்கூட மாட்டார்.

ஆகவே உங்கள் தாயோ தந்தையோ பிரெஞ்சுக் குடிமகன் என்றால், அவருடைய பழைய தூதரக அட்டை, காலாவதியான பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, படைச் சேவைப் புத்தகம், குடும்பப் புத்தகம் எதையும் காலாவதி என்று வீசாதீர்கள். அவற்றின் பழைய தேதிதான் அவற்றின் பலம்.

பிறப்பு, திருமணப் பதிவுகளில் நம் குடும்பங்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டில் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துகள், இந்தியச் சான்றிதழில் ஆங்கில வழக்கு, பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும். மூன்றும் ஒரே மனிதர்தான் என்று நமக்குத் தெரியும், பாரிசில் கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. முடிந்தவரை திருத்தம் செய்துகொண்ட பிறகு விண்ணப்பியுங்கள். இன்னொன்று, காலம் கடந்த பதிவு. வீட்டில் பிறந்து, பதிவே இல்லாமல் வளர்ந்து, முப்பது வயதில் மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்றுப் பிறப்பைப் பதிவு செய்வது இந்தியச் சட்டப்படி செல்லும். ஆனால் வெளிநாட்டுப் பதிவில் முறைகேடோ பொய்யோ தெரிந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை என்று சிவில் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்துக்குச் சற்று முன்னால் முளைத்த பிறப்புச் சான்றிதழைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். தவிர, தகப்பன் பிள்ளை உறவு, பிள்ளை வயதுக்கு வருமுன் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் குடியுரிமைக்குப் பயன்படும் என்று 20-1 பிரிவு சொல்கிறது. கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள், பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே காகிதங்களைச் சரிசெய்துவிட வேண்டும்.

இந்தத் தடுமாற்றத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். வேறொரு குடும்பத்தின் ஒப்சியோன் நகலில் உங்களை ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். பழைய பதிவேடுகள் பற்றி அவர்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சிந்தியாவின் பதிவேடுகளுக்கு இரண்டாம் பிரதி எழுதிப் பிரான்சுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. நூறாண்டைத் தாண்டியவை எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அண்மைக்கால ஆவணங்கள் நாந்து நகரின் மத்தியக் குடிமைப் பதிவகத்தில். இங்கே திருத்திய நகலை அங்கே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பொய் வெளிப்பட்டால் உண்மையான உரிமை உள்ள உறவினரின் கோப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வட்டிக்குக் கடன் வாங்கி இந்த ஆட்களிடம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது.

குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எங்கே? பிரான்சுக்கு வெளியே பிறந்து வெளியிலேயே வாழ்கிறவர்களுக்கு, பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவு. 2022 செப்டம்பரிலிருந்து இதற்கென உள்ள படிவத்தை நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். இந்திய ஆவணங்களை அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்த்து இணைக்க வேண்டும். பதில் வர நீண்ட காலம் ஆகலாம்.

பிரான்சு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. பிரெஞ்சுக் குடிமகனாக இங்கே வாழ்கிறவர் இந்திய வாக்காளர் பட்டியலில் இருக்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டும் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இங்கே வாழ வழி தருகிறது, குடியுரிமை தருவதில்லை. இதை விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இப்போதைய விதிப்படி, கடிதம் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட வேண்டும். மறுப்புக்கான காரணம் கடிதத்திலேயே இருக்கும். காணாமல் போன ஒரு பதிவு காரணமா, 30-3 காரணமா என்று முதலில் அதைப் படித்துப் பாருங்கள். பதிவு என்றால் தேடிப் பெறலாம். 30-3 என்றால், உங்கள் அப்பாவையோ அம்மாவையோ ஏதேனும் ஒரு பிரெஞ்சு அலுவலகம் எப்போதாவது தன் குடிமகனாகப் பதிந்துகொண்டதா என்று வீட்டின் பழைய பெட்டிகளில் தேடுங்கள், மூத்த அத்தைகளையும் சித்தப்பாக்களையும் கேளுங்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

நன்றி, வணக்கம்.