ஷாம்பூல இருக்கிற மருந்துதானே, ட்ரம்ல ஏன் மண்டையோடு? கீட்டோகோனசோல் தூள் பத்தி ஒரு கேள்வி

அடுத்த கேள்வியை முழுசாவே வாசிச்சிடறேன். "சார், மருந்து தயாரிக்கிற இடத்துல எடை போடுற பிரிவுல புதுசா சேர்ந்திருக்கேன். கீட்டோகோனசோல் தூள் வர்ற ட்ரம்ல மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கு. ஆனா அதே மருந்து இருக்கிற ஷாம்பூவைத்தான் பொடுகுக்காக வாரம் ரெண்டு தடவை தேய்ச்சுக் குளிக்கிறேன். தலையில தேய்க்கலாம், கையில தொடக்கூடாதா? கூட வேலை செய்யறவங்க சாதாரண மாஸ்க்கும் ஒரு ஜோடி கிளவுஸும் போதும்ங்கறாங்க. போதுமா?"

போதாது. முதல்ல அந்த ஷாம்பூவையும் ட்ரம்மையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

ஷாம்பூல கீட்டோகோனசோல் 2 சதவீதம். அதாவது அம்பதுல ஒரு பங்குதான் மருந்து, மிச்சமெல்லாம் தண்ணியும் சோப்பும். அதைத் தலையில தேய்ச்சு சில நிமிஷத்துல அலசிடறீங்க. தோல் வழியா ரத்தத்துக்குப் போறது ஒண்ணுமில்லைன்னே சொல்லலாம். இப்போ மாத்திரைக்கு வாங்க. வாயால சாப்பிடற மாத்திரை 200 மில்லிகிராம். ஒரு கிலோ தூள்னா 5000 மாத்திரை. உங்க ட்ரம் 25 கிலோன்னு வெச்சுக்குங்க, 1,25,000 மாத்திரை ஒரே பைக்குள்ள கிடக்குது, அதுவும் காத்துல பறக்கத் தயாரா. ஷாம்பூ பறக்காது. தூள் பறக்கும். உங்க கேள்விக்கு அடிப்படைப் பதில் இவ்வளவுதான்.

இந்த மருந்தோட வரலாறே இதைச் சொல்லுது. அமெரிக்காவுல 1981-ல மாத்திரையா அனுமதி கிடைச்சுது. பூஞ்சைத் தொற்றுக்கு வாயால சாப்பிடக் கிடைச்ச நல்ல மருந்துன்னு ரொம்ப நாள் ஓடுச்சு. அப்புறம் கல்லீரல் பாதிப்பு ஒவ்வொண்ணா வெளிய வந்து, 2013-ல ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பூஞ்சைத் தொற்றுக்கு இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பரிந்துரைச்சுது. அதே வருஷம் அமெரிக்காவுலயும் முதல் மருந்தா கொடுக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. ஆனா க்ரீம், ஷாம்பூ ரெண்டையும் யாரும் தொடலை, இன்னிக்கும் விக்குது. மூலக்கூறு ஒண்ணேதான். எந்த வழியா, எவ்வளவு உடம்புக்குள்ள போகுதுங்கறதுதான் வேற.

சரி, மண்டையோடு. அது முழுங்கினா நச்சுங்கறதுக்கு. நீங்க தூளை அள்ளி வாயில போட்டுக்கப் போறதில்லைதான். ஆனா மூக்கு வழியா போன தூசியில பெரிய துகளெல்லாம் மூக்குலயும் தொண்டையிலயும் ஒட்டி, சளியோட சேர்ந்து வயித்துக்குத்தான் இறங்கும். கிளவுஸைக் கழட்டிட்டு கை கழுவாம பிஸ்கட் எடுத்தாலும் அதே கதைதான். முழுங்கறதுன்னா தெரிஞ்சே முழுங்கறது மட்டும்னு நினைக்காதீங்க.

அந்த லேபிள்ல இன்னும் ரெண்டு படம் இருக்கும், யாரும் கண்டுக்கறதில்லை. ஒண்ணு, மனுஷன் நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி. இன்னொண்ணு, காஞ்ச மரமும் செத்த மீனும். என்னைக் கேட்டா மண்டையோட்டை விட அந்த நெஞ்சுப் படத்துக்குத்தான் நீங்க அதிகம் பயப்படணும். அதுக்குப் பக்கத்துலயே ஹெச் 360 எஃப்-னு ஒரு குறியீடு இருக்கும். இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கலாம்னு அர்த்தம். கூடவே ஹெச் 373, திரும்பத் திரும்ப உடம்புக்குள்ள போனா உறுப்புகளைப் பாதிக்கலாம்னு.

ஏன் இப்படி? பூஞ்சை தன்னோட செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால்னு ஒரு பொருளைச் செய்யும். அதைச் செய்யற நொதியைத்தான் இந்த மருந்து முடக்குது. அந்த நொதிக்கு நம்ம உடம்புலயும் சொந்தக்காரங்க உண்டு. டெஸ்டோஸ்டிரோன், கார்டிசோல் ரெண்டையும் செய்யறது அதே குடும்பத்து நொதிகள்தான். கீட்டோகோனசோல் அளவு ஏறினா அவங்களையும் பிடிச்சுக்கும். புரோஸ்டேட் புற்றுநோய்ல ஆண் ஹார்மோனைக் குறைக்கணும்னே இதை ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வரைக்கும் கொடுத்திருக்காங்க. அதனால கர்ப்பமா இருக்கிற பெண்கள் மட்டும் இந்தப் பிரிவுக்கு வரவேண்டாம், ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பேசறது தப்பு. குழந்தைக்குத் திட்டமிடற ஆண், பெண் யாரா இருந்தாலும் மேலதிகாரிகிட்டயும் ஆலை மருத்துவர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க. இதுல கூச்சம் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். எடை போடுற பிரிவுல ஆபத்தான நேரம் தராசு பக்கத்துல இல்லை. ட்ரம்முக்குள்ள இருக்கிற பாலிதீன் பையோட கட்டை அவிழ்க்கிற அந்த ரெண்டு செகண்டுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வேற ஒரு தூள், தேவையானதை எடுத்துட்டு பையைத் திரும்பக் கட்டணும். உள்ள காத்து நிறைஞ்சு பை புஸ்ஸுனு நின்னுச்சு. அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டிருக்கேன்னு ரெண்டு கையாலயும் அமுக்கினேன். உள்ள இருந்த காத்து அத்தனையும் என் முகத்துக்கு நேரா வந்துச்சு. மாஸ்க்கைக் கழட்டிக் கண்ணாடியில பார்த்தா மூக்குக்கு ரெண்டு பக்கமும், மாஸ்க் இருந்த இடத்துக்கு உள்ளாற, வெள்ளையா கோடு. அந்தக் கோடுதான் அன்னிக்கு எனக்குப் பாடம் எடுத்துச்சு: அறுவை சிகிச்சை மாஸ்க்ல காத்து துணி வழியா மட்டும் வராது, ஓரத்து இடைவெளி வழியாவும் வரும். அது உங்க எச்சில் அடுத்தவங்க மேல தெறிக்காம இருக்கச் செஞ்சது. தூசி உங்க மூக்குக்குள்ள போகாம இருக்கச் செஞ்சது இல்லை.

அப்போ எது வேணும்? உங்க தூளோட பாதுகாப்புத் தகவல் தாள், எஸ்டிஎஸ், அதுல மொத்தம் 16 பகுதி. எட்டாவது பகுதியைத் திறங்க, எந்த வகை சுவாசக் கவசம்னு போட்டிருக்கும். பெரும்பாலும் முகத்துல இறுக்கமா உக்கார்ற, நுண்துகள் வடிகட்டி உள்ள கவசம். அது உங்க முகத்துக்குப் பொருந்துதான்னு சோதனை செஞ்சுதான் கொடுக்கணும். தாடி வெச்சிருந்தா பொருந்தாது, எவ்வளவு விலை உயர்ந்த கவசமா இருந்தாலும் சரி. இதுல நான் பிடிவாதக்காரன்: தாடியா வேலையான்னு கேட்டுடுவேன், இல்லேன்னா தலையை முழுசா மூடி மோட்டார் வெச்சுக் காத்து ஊதற வகையைக் கொடுக்கச் சொல்லுவேன்.

ஆனா கவசம் கடைசித் தடுப்புதான். அதுக்கு முன்னாடி தூசி அறைக்குள்ள வராமலே பார்த்துக்கணும். எடை போட மேலிருந்து கீழே காத்து ஓடற சாவடி இருந்தா, ட்ரம்முக்கும் காத்தை உறிஞ்சற சுவருக்கும் நடுவுல நீங்க நிக்காதீங்க. நின்னா போற தூசியெல்லாம் உங்களைத் தடவிட்டுத்தான் போகும். பையை அமுக்காதீங்க, வாயை மெதுவா முறுக்கி, காத்து தானா அடங்கவிட்டுக் கட்டுங்க. ஸ்கூப்பை உசரத்துல இருந்து கவுக்காம, பாத்திரத்தோட அடி வரைக்கும் கொண்டுபோய் மெதுவா சரிங்க.

தூசி பறக்குதா இல்லையான்னு கண்ணால தெரியாதேன்னு கேட்பீங்க. நல்ல பிரகாசமான டார்ச் ஒண்ணை எடுத்து, அறை விளக்கைக் குறைச்சு, வேலை செய்யற இடத்துக்குப் பக்கவாட்டுல அடிச்சு, வெளிச்சம் வர்ற பக்கமா திரும்பிப் பாருங்க. ஜன்னல் வெயில்ல தூசி மினுங்குமே, அந்த மாதிரி தெரியும். நேரடியா வெளிச்சம் கண்ணுல படாம நடுவுல எதையாவது மறைச்சுக்குங்க. ஒரு தடவை இப்படிப் பார்த்துட்டா அப்புறம் யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

கிளவுஸ். நைட்ரைல் கிளவுஸ் காய்ஞ்ச தூளுக்கு நல்லது, ரெண்டு ஜோடி போடுங்க. வெளி ஜோடியை அந்த இடத்துலயே கழட்டிடலாம், உள் ஜோடியோட மத்த உடுப்பைக் கழட்டலாம். ஆனா பரிசோதனைக் கூடத்துல இதே தூளை டைக்ளோரோமீத்தேன்ல கரைப்பாங்க, அதுல நல்லாக் கரையும். அங்க மெல்லிசான நைட்ரைல் கிளவுஸ் சில நிமிஷம்கூடத் தாங்காது, கரைப்பான் ஊடுருவிடும், கரைஞ்ச மருந்தையும் தோல் கிட்ட கொண்டு வந்துடும். கரைசல் வேலைக்கு அந்தக் கரைப்பானுக்குன்னு உள்ள கிளவுஸ் கேளுங்க. அப்புறம் செல்போன். கிளவுஸ் போட்ட கையால போனை எடுத்து, வீட்டுக்கு வந்து அதே போனைக் குழந்தைகிட்ட கொடுக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். போன் வெளியவே இருக்கட்டும்.

சிந்திட்டா? விளக்குமாறு கூடாது, அழுத்தக் காத்து அடிக்கவே கூடாது. கீட்டோகோனசோல் தண்ணியில கரையவே கரையாதுன்னு சொல்லலாம். அதனால வெறும் ஈரத்துணி போட்டா தூள் பறக்காது, ஆனா இழுபட்டுப் படலமா பரவும். ஈரத்துணியால மூடி மெல்ல அள்ளிட்டு, சோப்புக் கரைசல்ல துடைச்சு, திரும்பத் துடைங்க. நுண்துகள் வடிகட்டி வெச்ச வேக்குவம் இருந்தா இன்னும் நல்லது. ப்ளீச்சிங் ஊத்திடலாம்னு சிலருக்குத் தோணும், வேண்டாம், இது வலுவான ஆக்சிகரணிகளோட சேரக்கூடாத பொருள். துடைச்ச துணியும் தூளும் மூடின டப்பாவுல லேபிளோட எரியூட்டிக்குப் போகணும். சாக்கடையில கழுவி விடக்கூடாது, அந்த செத்த மீன் படம் அதுக்குத்தான். நீர்வாழ் உயிர்களுக்கு இது மிக நச்சு. தீப்பிடிச்சா மூலக்கூறுல குளோரின் இருக்கிறதால ஹைட்ரஜன் குளோரைடு மாதிரி எரிச்சல் வாயு வரும். மெல்லிய தூள் காத்துல கலந்தா தீப்பொறியில வெடிக்கவும் செய்யும், அதனால ட்ரம், ஸ்கூப், தராசு எல்லாத்துக்கும் எர்த்திங் இருக்கான்னு பாருங்க.

கண்ணுல பட்டா பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணியில கழுவுங்க, லென்ஸ் சுலபமா வந்தா எடுத்துடுங்க. தோல்ல பட்டா சோப்பு, தண்ணி. வாய்க்குள்ள போயிடுச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே மருத்துவர் அல்லது விஷ முறிவு மையம். போகும்போது எஸ்டிஎஸ் தாளைக் கையில எடுத்துட்டுப் போங்க. நீங்க சாப்பிடற மத்த மாத்திரைகளையும் சொல்லுங்க, கொழுப்புக்கு சிம்வாஸ்டேட்டின் மாதிரி. கீட்டோகோனசோல் பல மருந்துகளை உடம்பு உடைக்கவிடாம தடுத்து அதுகளோட அளவை ரத்தத்துல ஏத்திடும்.

மத்த பூஞ்சை மருந்துக்கும் இதேதானான்னு கேட்பீங்க. எல்லாம் ஒண்ணு இல்லை. ஃப்ளூகோனசோல், வொரிகோனசோல் ரெண்டையும் அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016 பட்டியல்ல இனப்பெருக்க ஆபத்துக்குரிய பிரிவுல வெச்சிருந்துச்சு. டெர்பினாஃபின் வேற குடும்பம். ட்ரம் மாறினா தாளையும் மாத்திப் படிங்க.

ஷாம்பூவா? பொடுகுக்கு டாக்டர் சொன்ன வரைக்கும் தாராளமா தேய்ங்க. அதை நிறுத்தணும்னு நான் எங்கயும் சொல்லலை. சரி, அடுத்தது ஒரு அம்மா கேட்டிருக்காங்க.