எங்கட பெடியன்

வணக்கம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் ஒரே வசனத்தில்தான் தொடங்குவோம்: விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும். நானும் எழுதிப் புள்ளி வாங்கியவன்தான். ஆனால் இத்தனை வருஷமாக ஊர் மைதானங்களின் ஓரத்தில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. ஒரு சனம் யாரை "எங்கட பெடியன்" என்று சொல்லும், யாரைச் சொல்லாது என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும்.

1958 மே மாதத்தை எடுங்கள். டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. யாழ். மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் எடுக்கிறார், ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். அதே நாட்களில்தான் இங்கே கலவரம். தெற்கில் தமிழரின் வீடுகள் எரிகின்றன, அவசரகால நிலை வருகிறது, கொழும்பில் முகாம்களில் கிடந்த சனம் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து இறங்குகிறது. பாய்ந்தவன் நாட்டின் பிள்ளை, அவனுடைய சனம் மட்டும் யாரோ!

சரி, நாங்கள் மட்டும் திறமோ?

கரையோரத்து உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ் என்று கழகத்துக்கே புனிதரின் பெயர்தான், தோற்றால் அந்தோனியாரே தோற்ற மாதிரி ஊர் முகம் தொங்கும். எனக்கு அது பிடிக்கும். விடியக் கடலால் வந்து வலை காயப்போட்டவன் பின்னேரம் வெறுங்காலோடு கோல் அடிப்பதை வேறு எங்கே பார்க்கலாம்? ஆனால் நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கழகத்தில், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன் இருந்தான். இடது காலால் பந்தைக் கொண்டுபோனால் பிடிக்க ஆளில்லை. பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், பந்து பொறுக்க விடுவார்கள், மட்ச் அன்று பெயர் இருக்காது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் சொன்னார், "அவையள் வேற ஆக்கள் தம்பி." கோயிலில் வடம் பிடிக்க யாரை விடலாம் என்று போட்ட அதே கணக்கு பந்துக்கும். பிறகு அந்த ஒழுங்கைப் பெடியள் தனிக் கழகம் தொடங்கி எங்களுக்கு நாலு கோல் போட்டார்கள். நல்லாய் வேணும்.

1904-இல் தொடங்கிய வடக்கின் பெரும் போருக்கு, மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் கிரிக்கெட் என்றால், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவு போட்டுக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், பள்ளிக்கூடப் பாசம் பெரிய பாசம். அதில் பாதிச் சனமாவது பெண் பிள்ளைகளின் மட்சுக்கும் வந்தால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். இத்தனைக்கும் தெல்லிப்பளை மகாஜனா பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் வென்று காட்டியவர்கள்.

எங்கள் அயலில் ஒரு அம்மா. மகள் காற்சட்டை போட்டுக்கொண்டு பந்தடிக்கப் போகிறாள் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக வந்து நின்றா. போன கிழமை பார்க்கிறேன், குடையை மடக்கி நீட்டிக்கொண்டு நடுவரோடு சண்டை: "அது எப்பிடி ஓஃப்சைட்? எங்கட பிள்ளை பின்னாலதானே நிண்டவள்!"