புனிதரின் முகம் எந்த மாடியில்?

அனைவருக்கும் வணக்கம். நம் சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் சைம்ஸ் வளாகத்துக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள், பெரும்பாலும் சாப்பிட. அங்கே உள்ள சிற்றாலயத்தை வடிவமைத்தவர் நெய்ன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கட்டி முடித்தது 1904இல். தூண்களின் உச்சியில் மட்டும் 648 செதுக்கல்கள், நம்மூர்ச் செடிகொடிகளும் பறவைகளுமாக! அங்கே இருந்த கான்வென்ட் பள்ளி 1983இல் தோ பாயோவுக்குப் போனது. 1996இல் வளாகம் உணவகங்களோடு திறந்தது.

"பூசை நடந்த இடத்தில் பீரா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. முற்றத்தில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்க அங்கே யாரும் காசு கேட்பதில்லையே. ஆனால் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பூசைக்கு ஆள் குறைந்து, கூரையைப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் பல தேவாலயங்களை விற்றுவிட்டார்கள். அவற்றில் சில இன்று வீடுகள். வீடென்றால் கதவைப் பூட்டத்தானே செய்வார்கள்?

சரி, பூட்டட்டும். உள்ளே நடப்பதுதான் சிக்கல். தேவாலயத்தின் அழகே அந்த உயரம். விற்கிறவருக்கோ அது வீணான காற்று. அதனால் நடுவே தளம் போட்டு இரண்டு, மூன்று மாடியாக்குகிறார்கள். நீண்ட கண்ணாடி ஓவியச் சன்னலின் குறுக்கே தளம் ஓடுகிறது. தேவாலயத்தில் எப்போதாவது குளியலறை இருந்ததா? ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர்க்குழாய், சாக்கடைக்குழாய் எல்லாம் புதிதாக இழுக்க வேண்டும். குளிர்காலச் சூடு உச்சிக் கூரைக்கு ஏறிவிடாமல் தடுப்பும் வைக்க வேண்டும்.

இதையே கூச்சத்தோடு செய்தவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் புனித யாக்கோபு ஆலயத்தை 2009இல் ஒரே வீடாக மாற்றினார்கள். உள்ளே இருக்கும் மேல்தளம் தனியாக நிற்கிறது. நடுக்கூடத்தின் உயரம் பெருமளவு தப்பித்தது. ஆனால் அவ்வளவு பெரிய இடம் ஒரே குடும்பத்துக்கு! நம் தீவில் நினைத்துப் பார்க்க முடியுமா?

என் அத்தை மகன் இங்கிலாந்தில் அப்படி மாற்றிய கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். அவன் சமையலறைச் சன்னலில் ஒரு புனிதரின் பாதங்களும், அவற்றின் கீழே பெயரும் தெரிகின்றன. முகம் மேல்வீட்டுக்காரரின் படுக்கையறையில். "போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டேன். குடிவந்து இரண்டு வருடமாகிறது, மேல்வீட்டுக்காரரையே இன்னும் பார்த்ததில்லையாம்.