மன அழுத்தத்திற்கு எந்த மசாஜ்? டோம்பிவிலி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மும்பைக்கு அருகிலுள்ள டோம்பிவிலியிலிருந்து ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, தினமும் லோக்கல் ரயிலில் காட்கோபர் வந்து, அங்கிருந்து மெட்ரோ பிடித்து அந்தேரியில் உள்ள அலுவலகத்திற்குப் போகிறேன். இரவு படுத்தால் கழுத்தும் தோளும் கல்லாக இருக்கின்றன, தூக்கம் வருவதில்லை. ஸ்பாவில் விசாரித்தால் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய் மசாஜ் என்று அடுக்குகிறார்கள். எனக்கு எது ஏற்றது? சலூனில் தலையைத் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிறார்களே, அது போதாதா?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. கழுத்தெலும்புகளின் இரு பக்கங்களிலும் உள்ள துளைகளின் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறிச் செல்கின்றன. தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் உறைந்த இரத்தம் மூளைக்குள் போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வரும். இது அரிதாகத்தான் நேர்கிறது என்றாலும், இளம் வயதினருக்கும் நேர்ந்திருப்பதால், சலூன் நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். தலையில் எண்ணெய் வைத்து விரல்களால் பிடித்துவிடும் சம்பியை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல பழக்கம். அழுத்திப் பிடிப்பதைக் குறிக்கும் இந்தச் சொல்லிலிருந்துதான் 'ஷாம்பூ' என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு சேர்த்து இதைச் செய்து பெரும் புகழ் பெற்றார்.

இப்போது உங்கள் தோளுக்கு வருவோம். மாட்டுங்காவில் என் சிகிச்சை அறைக்கு வருபவர்களில் ரயிலில் நெடுந்தூரம் வருகிறவர்களைப் பெரும்பாலும் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். கூட்டத்தில் பையை நெஞ்சின் மேல் மாட்டிக்கொள்வதால் இரு தோள்களும் முன்னால் வளைந்திருக்கும். மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டே வருவதால் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தூக்கியிருக்கும். பிடரிக்கும் தோள் முனைக்கும் நடுவே, இதோ இந்த இடத்தில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே முறுக்கிய கயிறு போல ஒன்று தட்டுப்படும். இறங்கி வீட்டுக்குப் போன பிறகும் மனம் அமைதியடையாத வரையில் அந்தத் தசையும் தளர்வதில்லை.

ஆகையால் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது நரம்பு மண்டலத்தைச் சாந்தப்படுத்தும் மசாஜ். அந்த வகையில் ஸ்வீடிஷ் மசாஜைத்தான் முதலில் சொல்வேன். எண்ணெய் தடவி நீளமாக உருவுதல், மாவு பிசைவதைப் போலப் பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று அதில் பல கைமுறைகள் உண்டு. பெயர்தான் ஸ்வீடனுடையதே தவிர, அந்தக் கைமுறைகளை வகைப்படுத்திப் பெயரிட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹான் மெஸ்கர் என்ற மருத்துவர். மியாமி பல்கலைக்கழகத்தில் தொடுதலைப் பற்றி நடந்த ஆய்வுகளில், மேலோட்டமாகத் தடவுவதைவிட மிதமான அழுத்தத்தில்தான் இதயத் துடிப்பு நிதானமடைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

டீப் டிஷ்யூ தசையின் ஆழத்துக்கு அழுத்துவது. பழைய இறுக்கத்திற்கு அது உதவும், ஆனால் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவருக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வலிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தசை இன்னும் இறுகுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டால்தான் பலன் உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாய்லாந்து முறையில் எண்ணெய் கிடையாது. உடுத்திய உடையோடு பாயில் படுக்க வைத்து, அழுத்தி, கைகால்களை நீட்டி மடக்குவார்கள். 2019இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவருக்கு நல்லது. பாத மசாஜும் இதமானதே. ஆனால் பாதத்தின் இந்தப் புள்ளி கல்லீரல், அந்தப் புள்ளி சிறுநீரகம் என்று காட்டும் படங்களுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

நம் சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று 9 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முறுக்கல், இழுத்தல் போன்றவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். பிடித்தலையும் அழுத்தலையும் வீட்டிலேயே செய்யலாம். சிறு கிண்ணத்தில் நல்லெண்ணெயை எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். வலது கையால் இடது தோளின் அந்தக் கயிறு போன்ற பகுதியைப் பிடித்து, மூச்சை மெதுவாக விட்டபடி 10 நொடி அழுத்திப் பிறகு விடுங்கள். அப்படி 5 முறை செய்துவிட்டுக் கையை மாற்றுங்கள். அதன்பின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக உருவுங்கள், அந்தத் தூரத்தைக் கடக்க 8 நொடி ஆகட்டும். மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. அவசரமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாக விழித்துக்கொள்வதில்லை. பாதங்களுக்கும் இதே நிதானம் வேண்டும். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு செய்யுங்கள்.

காய்ச்சல், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ மருத்துவரைக் கேட்காமல் எந்த மசாஜும் செய்துகொள்ளாதீர்கள். உங்களுக்குக் கழுத்து வலியோடு விரல்கள் மரத்துப்போவதோ, கையில் பிடித்த டம்ளர் நழுவுவதோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஸ்பாவுக்கு முன்பதிவு செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.