தாத்தாவின் "ளை"யும் ஃபீனிக்ஸ் அச்சகமும்

வணக்கம். பேசுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரம், ஈயம். உச்சியில் ஓர் எழுத்து இருக்கிறது, தெரிகிறதா? இடம் வலம் மாறியிருப்பதால் உடனே பிடிபடாது. அது "ளை". நாம் இப்போது எழுதும் ளை அல்ல, முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்துக்கொண்டு நிற்கும் பழைய ளை.

என் தாத்தா இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்சு எழுத்துகளைக் கோப்பவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழில் கோத்தவர். அச்சகத்தை மூடிய அன்று இந்த ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று ஆயா சொல்வார்.

இதன் உடம்பைத் தடவினால் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் தட்டுப்படும். அலங்காரம் இல்லை அது. கேஸிலிருந்து, அதாவது எழுத்துக்கு ஓர் அறை என்று பிரித்த தட்டிலிருந்து, எழுத்தை எடுக்கும்போதே எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று விரல் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். கண் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கலாம். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும், நாலு முறை அழுத்தினால் நசுங்கிவிடும். அதனால் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க் தொடங்கிவைத்த வேலைதான் என் தாத்தா கைவரைக்கும் வந்தது.

தமிழுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற கிறித்தவப் புத்தகம் அச்சானது. 16 பக்கம்தான். அப்புறம் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலேயில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன, காகிதத்தைத் தின்றன. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் ஆட்கள் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸைச் சுற்றியிருந்த ஈய மூடிகளை உருக்கினார்கள்! 1715இல் புதிய ஏற்பாடு அந்தச் சின்ன எழுத்தில்தான் அச்சாகி முடிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை.

சரி, இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். இது ஃபீனிக்ஸ், டர்பனுக்கு வெளியே இனாண்டா பக்கம் காந்தி அமைத்த பண்ணை. 1903 ஜூன் 4ஆம் தேதி டர்பன் கிரே தெருவில் "இந்தியன் ஒப்பீனியன்" வாரப் பத்திரிகை தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. அடுத்த ஆண்டு காந்தி அச்சகத்தையே இந்தப் பண்ணைக்கு மாற்றினார். 75 அடி நீளம், 50 அடி அகலத்தில் தகரக் கொட்டகை.

இங்கிருந்து முதல் இதழ் வெளிவர வேண்டிய இரவில் கோத்த பக்கங்களைச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டியாயிற்று, அச்சு இயந்திரத்தை ஓட்டும் எண்ணெய் இஞ்சின் ஓடவில்லை. டர்பனிலிருந்து வந்திருந்த இஞ்சினியர் எவ்வளவோ பார்த்தார், நகரவில்லை. நல்லவேளை, கையால் சுற்றுகிற சக்கரம் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் அதைச் சுற்ற ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். கொட்டகைத் தரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பினார்கள். விடிய விடிய முறை போட்டுச் சுற்றினார்கள். காலை ஏழு மணிக்கு இஞ்சினைத் தொட்டதும் ஓடியதாம்! இதைக் காந்தியே எழுதியிருக்கிறார். அந்தத் தச்சர்களின் தோள்வலி இல்லாமல் அந்த இதழ் இல்லை.

இங்கே குடியேறிய எல்லோரும் அச்சுக் கோக்கப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கேதான் தமிழுக்குச் சிக்கல். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. தமிழுக்கு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்தது 18, வைக்காதது 18, கி கீ வரிசை 36, கு கூ வரிசை 36. இதுவே 121. கால், கொம்பு எல்லாம் தனி. "கொ" என்று கோக்க கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு எடுக்க வேண்டும். "கு"வைப் பிரிக்க முடியாது, அதற்குத் தனி அறை. என் தாத்தாவின் ளை, அதற்கும் தனி அறை. தமிழ் தெரியாதவர் இந்தக் கேஸ் முன்னால் நின்றால் கை எங்கே போகும்?

1906இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுவிட்டன. சுமை அதிகம், பண்ணையில் வந்து தங்கத் தமிழ் எழுதத் தெரிந்தவர் கிடைக்கவில்லை, அச்சாவதைச் சரிபார்க்கவும் வழியில்லை என்று காந்தி காரணம் சொல்கிறார். எனக்கு இது இன்னும் வலிக்கிறது. பின்னால் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் எத்தனை பேர்! தில்லையாடி வள்ளியம்மையின் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் இல்லாமல் போனதே. 1908இல் பி. எஸ். ஐயர் டர்பனில் "ஆப்பிரிக்கன் கிரானிகிள்" தொடங்கி ஆங்கிலத்தோடு தமிழையும் அச்சிட்டார். அவருக்கு நாம் போதுமான நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது, கேஸ்கள் எடைக்குப் போயின. இந்தப் பண்ணையும் 1985 கலவரத்தில் எரிந்தது, பிறகு புதுப்பித்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்டாம்ப் மையில் இதைத் தொட்டுக் காகிதத்தில் வைக்கிறேன். கொஞ்சம் அழுத்தி… பாருங்கள், நேராகிவிட்டது. தும்பிக்கை எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது!

உங்கள் வீட்டு அலமாரியில், சாமிப் படத்துக்குப் பின்னால், டர்பனில் அச்சான பழைய தமிழ்ப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அச்சகத்தின் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.