பக்கத்து இருக்கையில் இருப்பவர் கேட்டது

நேயர்களுக்கு வணக்கம். அடுத்தவர் பார்வையிலிருந்து கற்றுக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நல்ல பண்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சில இடங்களில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது, மற்றொன்று அதே பாதையில் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. தரை ரேடாரும் அங்கே கிடையாது.

முதல் விமானம் ஓடத் தொடங்கியதும், அதிலிருந்த விமானப் பொறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: எதிரே இருக்கும் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ? விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். பேச்சு அதோடு நின்றது. சற்று நேரத்தில் இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்தத் தலைமை விமானி மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். என் மனதை விட்டு அகலாத விஷயம் இதுதான். அவரும் பொறியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வானொலியைத்தான் கேட்டார்கள். புறப்படுவதில் முழுக் கவனமும் போயிருந்தவருக்குப் பிடிபடாத ஒன்று, பக்கத்தில் இருந்தவருக்குப் பிடிபட்டது. இளையவர் சொல்வதை மூத்தவர் காது கொடுத்துக் கேட்கவும், இளையவர் தயங்காமல் பேசவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி தரும் வழக்கம் இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் வேரூன்றியது. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கு அதற்கு முக்கியமான தொடக்கம்.

அறுவை அரங்குக்கும் இது வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலில் மருந்து, கருவிச் சரிபார்ப்பு எல்லாம் இருந்தன, ஆகவே முழுப் பெருமையையும் பேச்சுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன செவிலியருக்கு, அப்புறம் ஒரு சந்தேகத்தைச் சொல்வது எளிதாகிறது என்பதை நான் நம்புகிறேன்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நாம் பெரும்பாலும் கேட்பது "எல்லாம் சரிதானே?" என்றுதான். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் துணிவு வராது. "இதில் உங்களுக்கு எது இடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் மூத்தவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்கள்.

எதிராளி சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தவறாகவும் இருக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன், எதைப் பார்த்து, எதைக் கேட்டு அப்படித் தோன்றியது என்று விசாரியுங்கள். கருத்து தவறாக இருந்தாலும், அவர் பார்த்த அந்தத் தகவல் நம்மிடம் இல்லாததாக இருக்கலாம். நன்றி, வணக்கம்.